கடல் பூதம் வந்தா பயம் வருதா, சிரிப்பு வருதா? சின்ன பட்ஜெட் கடல் படங்களை நாம எப்படி எடை போடுறோம்?

சேர்வராயன் மலையில ஏற்காடு பக்கம் இருக்கு மஞ்சக்குட்டை. காபித் தோட்டம், மிளகுக் கொடி, சாயங்காலம் ஆனா இறங்குற பனி. கடலைப் பார்க்கணும்னா 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் வரணும். அங்கிருந்து புதுச்சேரிக்கு இன்னும் சுமார் 200 கிலோமீட்டர். ஆனா இங்க டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து செல்போன்ல ஓடுறது என்ன படம்னு எட்டிப் பார்த்தா, நடுக்கடல்ல படகைக் கடிக்கிற ராட்சச சுறா. தமிழ் டப்பிங்.

"அண்ணே, கிராபிக்ஸ் ரொம்ப மொக்கையா இருக்கு."

"அப்புறம் ஏன்டா தம்பி மூணாவது தடவ பாக்குற?"

இந்தக் கேள்விக்கு அந்தத் தம்பிகிட்ட பதில் இல்லை. உண்மையைச் சொன்னா தமிழ் சினிமா வியாபாரத்துக்கும் இதுக்கு இன்னும் முழுசா பதில் தெரியாது. ஒரே மாதிரி ஓட்டை கிராபிக்ஸ். ஒரு படத்தைக் கொண்டாடுறோம், இன்னொன்னை முதல் நாளே மீம் போட்டு முடிச்சு விடுறோம். ஏன்?

கிங்ஸ்டன்: என்ன நடந்தது?

நம்ம ஊர் உதாரணத்துல இருந்தே தொடங்கலாம். 2025 மார்ச் 7-ம் தேதி வெளியான 'கிங்ஸ்டன்'. ஜி.வி.பிரகாஷ் குமார் நாயகன், தயாரிப்பாளர், இசையமைப்பாளர். அவர் நடிச்ச 25-வது படம். புதுமுக இயக்குநர் கமல் பிரகாஷ். ஜீ ஸ்டூடியோஸும் சேர்ந்து தயாரிச்சது. தூத்துக்குடி பக்கம் ஒரு கற்பனை மீனவ கிராமம். 1982-ல் நடந்த ஒரு சம்பவத்துக்கு அப்புறம் அந்த ஊர்க்காரங்க கடலுக்குள்ள போக முடியல. போனவங்க பிணமா கரை ஒதுங்குறாங்க. சாபம்னு ஊரே நம்புது. வேற வழியில்லாம கடத்தல் வேலைக்குப் போற இளைஞன், கடைசியில கடலுக்குள்ள இறங்கி அந்த மர்மத்தை எதிர்கொள்றான். அதுதான் கதை.

கேட்கவே நல்லா இருக்குல்ல? டிரெய்லர் வந்தப்போவும் எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. "இந்தியாவின் முதல் கடல் சாகச ஃபேண்டஸி" என்ற விளம்பரம் வேற.

படம் வந்ததும் விமர்சனங்கள் ரெண்டா பிரிஞ்சது. கவனிக்க வேண்டிய விஷயம், பெரும்பாலான விமர்சனங்கள் கிராபிக்ஸைத் திட்டல. ஒளிப்பதிவு, கலை இயக்கம், கடல் காட்சிகள் எல்லாம் இந்த பட்ஜெட்டுக்கு நல்ல முயற்சின்னே எழுதினாங்க. அடி விழுந்தது திரைக்கதைக்கு. ஃபிளாஷ்பேக், அதுக்குள்ள இன்னொரு முன்கதைன்னு சுத்தி, கடலுக்குள்ள போறதுக்கே பாதிப் படம் முடிஞ்சிடுதுங்கறதுதான் புகார்.

அதாவது, எல்லாரும் பயந்த இடத்துல படம் தப்பிச்சது. யாரும் கவலைப்படாத இடத்துல மாட்டிக்கிச்சு. இந்த வகைப் படங்களுக்கு இது புதுசு இல்லை.

மலை அடிவாரத்துலயே ஒரு பழைய கதை இருக்கு

சேலத்துல இருந்து ஏற்காடு போற சாலையில மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவை எத்தனையோ தடவை கடந்து போயிருப்பீங்க. டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய நிறுவனம். முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் இவங்க தயாரிப்பு.

இதே நிறுவனம் 1952-ல் ஒரு மிருகப் படம் எடுத்தது பலருக்குத் தெரியாது. அமெரிக்கக் கூட்டணியில எடுத்த 'தி ஜங்கிள்', தமிழ்ல 'காடு'. இயக்குநர் வில்லியம் பெர்க். ஹாலிவுட் நடிகர்கள் ராட் கேமரன், சீசர் ரோமெரோ, மேரி வின்ட்சர், கூடவே நம்ம எம்.என்.நம்பியார். யானைக் கூட்டம் திடீர்னு மிரண்டு ஊருக்குள்ள ஓடி வருது. காரணம் தேடிப் போனா, காட்டுக்குள்ள அழிஞ்சு போனதா நினைச்ச மாமூத் யானைகள் உயிரோட இருக்கு!

அந்த மாமூத்களை எப்படிக் காட்டினாங்க? நிஜ யானைகளுக்கு ரோமப் போர்வை மாட்டி விட்டாங்க. அவ்வளவுதான் கிராபிக்ஸ்.

அமெரிக்காவுல யானையையே சர்க்கஸ்ல மட்டும் பார்த்தவனுக்கு அது ஒரு விநோத மிருகமா தெரிஞ்சிருக்கலாம். ஆனா கோயில் யானையைத் தினம் பார்க்குற ஊர்ல? அது போர்வை போட்ட நம்ம யானை. நடை தெரியும், காது அசையுற விதம் தெரியும். ஒரே காட்சி, ரெண்டு தீர்ப்பு.

நாம எதைப் பழகி வெச்சிருக்கோமோ அதுலதான் படம் மாட்டும். தூத்துக்குடிக்காரர் 'கிங்ஸ்டன்' பார்த்தா படகு, வலை, பேச்சு வழக்கு, அலையோட போக்கு எல்லாத்தையும் கவனிப்பார். அவருக்குக் கடலோட விநோதம் புதுசும் இல்லை. 2016 ஜனவரியில மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரை ஒதுங்குனப்போ, மீனவர்கள்தான் இறங்கி அதுல பலதைத் திரும்பக் கடலுக்குள்ள தள்ளி விட்டாங்க. மஞ்சக்குட்டைக்காரருக்குப் படகைப் பத்திப் பெருசா தெரியாது. ஆனா பயத்தைப் பத்தித் தெரியும். இருட்டுன தோட்டத்துல காட்டு மாடு நிக்குதுன்னா கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே காதுக்குத் தெரிஞ்சிடும்: ஒரு கிளை முறியும், நாய் குரைக்கிறதை நிறுத்தும். மிருகத்தைப் பார்த்த பிறகு வர்ற பயத்தை விட, பார்க்குறதுக்கு முன்னாடி வர்ற பயம் பெருசு. அது இல்லாத படம் இவருக்குப் பொய்யா தெரியும்.

மிருகத்தை மறைச்சு வெச்சா காசு மிச்சம்

1975 ஜூன்ல வந்த 'ஜாஸ்' கதை பலருக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்லாம போக முடியாது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கோட இயந்திரச் சுறாவுக்குப் படக்குழு வெச்ச செல்லப் பேரு ப்ரூஸ். நிஜக் கடல்ல இறக்குனதும் உப்புத் தண்ணி உள்ள போய் ப்ரூஸ் அடிக்கடி படுத்துக்கிச்சு. 55 நாள்ல முடியணும்னு போட்ட படப்பிடிப்பு 159 நாள் ஆச்சு. சுறா வேலை செய்யாததால ஸ்பீல்பெர்க் வேற வழி பார்த்தார்: தண்ணிக்கு மேல ஓடுற மஞ்சள் பீப்பாய், உடைஞ்சு நகர்ற மரப்பாலம், ஜான் வில்லியம்ஸோட ரெண்டே ரெண்டு சுரம். ஒரு மணி நேரத்துக்கு மேல சுறாவோட முழு உருவமே வராது. ஆனா பார்த்தவங்க எல்லாரும் சுறாவைப் பார்த்த மாதிரிதான் வெளியே வந்தாங்க.

இதையே கையில காசே இல்லாம செஞ்சவங்களும் உண்டு. 2003-ல் எடுத்த 'ஓப்பன் வாட்டர்'. கிறிஸ் கென்டிஸ், லாரா லாவ் என்ற தம்பதி, வார விடுமுறைகள்ல டிஜிட்டல் கேமராவுல எடுத்த படம். கடல்ல நீச்சலுக்கு விட்டுட்டு படகு திரும்பிப் போயிடுது. ரெண்டே பேர் தண்ணியில. சுத்தி நிஜ சுறாக்கள். கிராபிக்ஸ் சுறா கிடையாது. சில லட்சம் டாலருக்குள்ள முடிஞ்ச அந்தப் படம் உலக அளவுல 5 கோடி டாலருக்கு மேல வசூலிச்சது.

அதுக்கு முன்னாடி இன்னொரு கில்லாடி. 1955-ல் வந்த 'இட் கேம் ஃபிரம் பினீத் தி சீ' படத்துக்கு ராட்சச ஆக்டோபஸ் செஞ்சவர் ரே ஹாரிஹவுசன். ஒவ்வொரு ஃபிரேமா பொம்மையை நகர்த்திப் படம் பிடிக்கணும். கை கூடுனா நாளும் கூடும், செலவும் கூடும். அதனால அவர் ஆக்டோபஸுக்கு ஆறே கைதான் வெச்சார். ரெண்டு கை குறையுதுன்னு தியேட்டர்ல எண்ணிப் பார்த்தவங்க எத்தனை பேர் இருப்பாங்க?

தண்ணி ஏன் இவ்ளோ செலவு?

இப்போ கம்ப்யூட்டர் வந்துடுச்சே, ஆறு கை என்ன, அறுபது கையே வைக்கலாமேன்னு தோணும். கை பிரச்சினை இல்லை. தண்ணிதான் பிரச்சினை.

ஒரு மிருகம் தண்ணியில இருந்து எழும்புதுன்னா கம்ப்யூட்டர் அந்த மிருகத்தை மட்டும் வரைஞ்சா போதாது. அது தள்ளுற தண்ணி, உடையுற அலை, மேல எழும்புற நுரை, காத்துல பறக்குற சாரல், உடம்புல இருந்து வழியுற நீர் எல்லாத்தையும் தனித்தனியா கணக்குப் போடணும். இதை ஃப்ளூயிட் சிமுலேஷன்னு சொல்வாங்க. ஒரு தடவை ஓடவிட்டு சரியா வரலைன்னா மறுபடி முதல்ல இருந்து ஓடவிடணும். அதைவிடக் கஷ்டம் அளவு. துளி கொஞ்சம் பெருசாத் தெரிஞ்சாலும், அலை கொஞ்சம் வேகமா அடிச்சாலும், நூறு அடி பூதம் குளியல் தொட்டியில விட்ட பொம்மை மாதிரி ஆயிடும். நம்ம கண்ணுக்கு ஏன்னு சொல்லத் தெரியாது. "ஏதோ ஃபேக்கா இருக்கு"ன்னு மட்டும் சொல்லும்.

அதனாலதான் சின்ன பட்ஜெட் கடல் படங்கள்ல எப்பவுமே ராத்திரி, எப்பவுமே மூடுபனி. மூடுபனி ஒரு திரைச்சீலை. பின்னாடி தண்ணி இல்லாததை அது மறைச்சிடும். தப்பு இல்லை, ஆனா ஒன்றரை மணி நேரமும் அதுவே இருந்தா, அதுவும் வெளிச்சத்தைக் குறைச்சு வெச்ச செல்போன்ல பார்த்தா, ஒண்ணுமே தெரியாது.

கேரளாவுல இதுக்கு வேற வழி பிடிச்சாங்க. ஜூட் ஆண்டனி ஜோசப் இயக்கிய '2018' (2023 வெளியீடு) வெள்ளத்தைப் பெரிய தொட்டி செட் போட்டு, நிஜத் தண்ணியை நிரப்பி எடுத்தது. கம்ப்யூட்டர் மிச்சத்தை மட்டும் பார்த்துக்கிச்சு. அந்த வருஷம் இந்தியா சார்பா ஆஸ்கருக்கு அனுப்பின படம் அதுதான்.

ஜப்பான்ல 2023 நவம்பர்ல வந்த 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' பத்தியும் சொல்லியாகணும். பட்ஜெட் 1.5 கோடி டாலருக்குள்ளன்னு இயக்குநர் தகாஷி யமாசாகியே சொன்னார். ஹாலிவுட் காட்ஜில்லாவோட ஒப்பிட்டா பத்துல ஒரு பங்கு மாதிரி. 35 கலைஞர்கள் சேர்ந்து 610 கிராபிக்ஸ் காட்சிகள் செஞ்சாங்க. இயக்குநரே கிராபிக்ஸ் மேற்பார்வையும் பார்த்தார், அதனால "இதை மாத்து, அதை மாத்து"ன்னு வீணாப் போற வேலை குறைஞ்சது. சின்ன மரப்படகை காட்ஜில்லா துரத்துற காட்சிக்கு நடிகர்களை நிஜக் கடல்லயே படகுல ஏத்துனாங்க. 2024 மார்ச்ல சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைச்சது.

நம்ம பெரிய பட்ஜெட் படங்களுக்கே இது உறைச்சது. 'தேவரா' (2024) படத்துல ஜூனியர் என்.டி.ஆர் சுறா மேல வர்ற ஷாட்டை இணையம் விட்டு வைக்கல. 'ஆதிபுருஷ்' டீசர் 2022 அக்டோபர்ல வந்து வாங்கின அடியில ரிலீஸ் தேதியே தள்ளிப் போச்சு. கோடிகளைக் கொட்டுனா மட்டும் தப்பிச்சிட முடியாதுங்கறது தெளிவு.

அம்மன் படத்துக்கு ஒரு நியாயம், கடல் படத்துக்கு ஒரு நியாயமா?

நம்ம வீட்டுல ஒரு கணக்கு உண்டு. விட்டலாச்சார்யாவோட 'ஜகன்மோகினி' (1978) படத்துல பேய் தன் காலையே அடுப்புல விறகா வெச்சு எரிக்கும். எப்படி எடுத்தாங்கன்னு குழந்தைக்கே தெரியும். இன்னைக்கும் பார்க்குறோம், ரசிக்கிறோம். இராம.நாராயணன் படங்கள்ல பாம்பும் குரங்கும் செய்யாத வேலை இல்லை. யாரும் 'லாஜிக்' கேட்டதில்லை.

அந்தப் படங்கள் நம்மகிட்ட எதையும் மறைக்கல. "இது மாயாஜாலப் படம், வாங்க உட்காருங்க"ன்னு சொல்லிக் கூப்பிட்டது. போஸ்டர்லயே ஒப்பந்தம் முடிஞ்சது. இதையே அமெரிக்காவுல ஒரு தொழிலாக்குன நிறுவனம் தி அசைலம். 2013 ஜூலை 11 அன்னைக்கு சைஃபை சேனல்ல அவங்களோட 'ஷார்க்நேடோ' ஓடுச்சு. சூறாவளி கடல்ல இருந்து சுறாக்களைத் தூக்கி வந்து லாஸ் ஏஞ்சலஸ் மேல கொட்டுது. ஆமா, அதுதான் கதை. முதல் ஒளிபரப்புல பார்வையாளர் எண்ணிக்கை சுமாரா 14 லட்சம்தான். ஆனா ட்விட்டர்ல ஊரே அதைப் பத்திப் பேச, மறு ஒளிபரப்புகள்ல எண்ணிக்கை கூடி 20 லட்சத்தைத் தாண்டிடுச்சு. 2018 வரைக்கும் ஆறு பாகம் வந்தது. சுவாரஸ்யம் என்னன்னா, ராட்டன் டொமேட்டோஸ் தளத்துல விமர்சகர்கள் கொடுத்த மதிப்பு சாதாரண ரசிகர்கள் கொடுத்ததை விட ரொம்ப அதிகம். விமர்சகர் "இது எதுக்காக எடுத்த படம், அதைச் செஞ்சுதா"ன்னு பார்த்தார். ரசிகர் "நல்லா இருக்கா"ன்னு பார்த்தார்.

'கிங்ஸ்டன்' மாதிரி படத்துக்கு இங்கதான் சிக்கல். "இந்தியாவின் முதல்" அப்படின்னு சொன்ன உடனே நாம விட்டலாச்சார்யா கண்ணாடியைக் கழட்டிட்டு ஹாலிவுட் கண்ணாடியை மாட்டிக்கிறோம். 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' கூட ஒப்பிட ஆரம்பிச்சிடுறோம். அப்படி ஒரு பட்டத்தைப் போட்டுக்காம வந்திருந்தா இதே படம் இன்னும் கொஞ்சம் பாசமா பார்க்கப்பட்டிருக்கும்னுதான் எனக்குத் தோணுது. ஆனா பட்டம் போடாம வந்தா தியேட்டருக்கு யார் வருவாங்கன்னு தயாரிப்பாளர் கேட்பார். அதுவும் நியாயமான கேள்விதான்.

முதல் நாள் தீர்ப்பு, யார் தலையில விழுது?

2024 நவம்பர்ல 'கங்குவா' வெளியானதுக்கு அப்புறம் (அதுலயும் சூர்யா முதலையோட மோதுற காட்சி உண்டு) தமிழ் தயாரிப்பாளர்கள் தரப்பு கொதிச்சுப் போச்சு. தியேட்டர் வாசல்ல எடுக்குற ரசிகர் கருத்து வீடியோக்களை நிறுத்தணும்னு அறிக்கை விட்டாங்க. முதல் மூணு நாளைக்கு விமர்சனத்தையே தடை பண்ணணும்னு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. விமர்சனம் கருத்துச் சுதந்திரம்னு சொல்லி, இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் டிசம்பர்ல மறுத்துடுச்சு.

நீதிமன்றம் சொன்னது சரி. காசு கொடுத்தவன் கருத்து சொல்லத்தான் செய்வான். மலையில இருந்து ஒரு குடும்பம் சேலத்துக்கு இறங்கி வந்து படம் பார்க்கணும்னா டிக்கெட் விலையோட கணக்கு முடியாது. பஸ், சாப்பாடு, ஒரு நாள் கூலி. "நல்லா முயற்சி பண்ணியிருக்காங்க, பார்த்து ஆதரவு குடுங்க"ன்னு அவங்ககிட்ட கேட்க முடியாது.

ஆனா "கிராபிக்ஸ் மொக்க" அப்படின்னு மூணு செகண்டுல சொல்றோமே, அது யார் மேல விழுதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கணும். நடுக்கடல், படகு, புலின்னு உலகமே வியந்த 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு கிராபிக்ஸ் செஞ்ச முக்கிய நிறுவனம் ரிதம் அண்ட் ஹ்யூஸ். மும்பை, ஹைதராபாத்துலயும் அவங்களுக்குக் கிளை இருந்தது. 2013 பிப்ரவரி 24-ம் தேதி அந்தப் படம் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் வாங்குச்சு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அந்த நிறுவனம் திவால் மனு போட்டிருந்தது. உலகத்துலயே சிறந்த புலியைச் செஞ்சவங்களுக்கே அந்த நிலைமைன்னா, ரிலீஸ் தேதியை முதல்லயே அறிவிச்சிட்டு, காட்சியைக் கடைசி மாசத்துல அனுப்பி வைக்கிற ஒரு படத்துக்கு வேலை பார்க்குற சின்ன ஸ்டூடியோ நிலைமையை யோசிச்சுப் பாருங்க. மோசமான ஷாட் பல சமயம் மோசமான கலைஞரோட வேலை இல்லை. நேரம் இல்லாத வேலை.

இயக்குநருக்கும் அதேதான். 'பிரானா 2' என்ற பறக்கும் மீன் படம் 1980-களின் தொடக்கத்துல வந்தது. மீனுக்கு இறக்கை முளைச்சு ஹோட்டலுக்குள்ள பறந்து வந்து கடிக்கும். இயக்குநரா அவர் பேர் வந்த முதல் முழுநீளப் படம் அது. அந்த ஒரு படத்தை வெச்சு முடிவு பண்ணியிருந்தா அவர் கதை அங்கயே முடிஞ்சிருக்கும். அவர் பேரு ஜேம்ஸ் கேமரூன். அப்புறம் 'டைட்டானிக்' எடுத்தார், 'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' எடுத்தார், தண்ணியைத் திரையில காட்டுற விதத்தையே மாத்துனார். நம்ம ஊர்ல முதல் படம் விழுந்த புது இயக்குநருக்கு ரெண்டாவது கடல் படம் யார் கொடுப்பா?

செல்போன்ல பார்க்குறவங்களுக்கு ஒரு விஷயம்

சின்னத் திரை கிராபிக்ஸ் குறையைக் கொஞ்சம் மன்னிச்சிடும். ஆறு இஞ்ச்ல நுரையோட அளவு சரியா தப்பான்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். தியேட்டர்ல அடி வாங்குன பல மிருகப் படங்கள் ஓடிடியிலயும் தமிழ் டப்பிங்லயும் நல்லா ஓடுறதுக்கு இதுவும் ஒரு காரணம். 'கிங்ஸ்டனும்' தியேட்டருக்குப் பிறகு ஜீ5-ல் வந்தது.

ஆனா போன் வேற ஒண்ணைத் திருடிடுது. சத்தத்தை. கடல் படத்துல பயம் வர்றது அடித்தொண்டையில உறுமுற அந்த கனமான ஒலியில. படகுக்கு அடியில ஏதோ உரசுற சத்தத்துல. போனோட ஸ்பீக்கருக்கு அந்த பேஸ் வரவே வராது. 'ஜாஸ்' இசையையே போன் ஸ்பீக்கர்ல கேட்டா யாரோ தூரத்துல ஹார்மோனியம் வாசிக்கிற மாதிரிதான் இருக்கும். பாதி பயம் காணாமப் போச்சு, மிச்சம் இருக்குறது கிராபிக்ஸ் மட்டும். அப்புறம் கிராபிக்ஸைத்தானே திட்டுவோம்?

டீக்கடை தம்பி மூணாவது தடவையும் பார்த்தது ஸ்பீக்கர்லதான், பக்கத்துல பாய்லர் இரைச்சலோட. நாலாவது தடவை பார்க்குறதா இருந்தா ஒரு நூறு ரூபாய் ஹெட்போனாவது மாட்டிக்கிட்டு, ராத்திரி லைட்டை அணைச்சிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கேன்.